வலி மருந்து பம்புகளுக்கு க்ளெய்ம் எழுதியபோது நான் கற்றவை

2019 அக்டோபரில் ஒரு நாள் காலை, அமெரிக்காவில் இருக்கும் ஒரு வலி சிகிச்சை க்ளினிக்கின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே முன்மேசையில் இருப்பவர் முந்தைய நாள் ஒரு நோயாளியின் கணக்கில் ஒரு குறிப்பை எழுதி வைத்திருந்தார்: "நோயாளி அழுதுகொண்டே பேசினார். 1,140 டாலர் கட்ட முடியாது என்கிறார். அடுத்த ரீஃபிலுக்கு வரப்போவதில்லை என்றும் சொன்னார்."

என் டீம் லீட் அக்கா என் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றார். "இந்த நோட்டைப் படிச்சியாப்பா? இது உன் கோடிங்தானே?"

ஆமாம், என் கோடிங்தான். அந்த ஜனவரி மாத க்ளெய்மை, அதாவது காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்கும் படிவத்தை, எழுதியது நான்.

சென்னையில் இந்த வேலை செய்யும் ஆயிரக்கணக்கானவர்களைப் போல நானும் நுண்ணுயிரியலில் பட்டம் முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங், அதாவது சிகிச்சைகளை க்ளெய்முக்கான கோடு எண்களாக மாற்றும் வேலை, படித்தவன். கடல் தாண்டி இருக்கும் நோயாளியோடு நாங்கள் பேசுவதில்லை. எங்களுக்கு வருவது சார்ட், அதாவது சிகிச்சைக் குறிப்புகள், மட்டும்தான். காப்பீட்டு நிறுவனத்தோடு பேச இரவு ஷிஃப்டில் ஏ.ஆர். காலர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒரு எண் தவறினால் அது எங்கே போய் யாரைத் தொடுகிறது என்பது எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்று எனக்குத் தெரிந்தது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள், குறிப்பாக வலி சிகிச்சை க்ளினிக்குகளுக்கு கோடிங் செய்யப் போகிறவர்கள், என்னைப் போல ஒரு நோயாளி அழுத பிறகு கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த பம்ப் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டமான உலோகக் கருவி. வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் உடலுக்குள்ளேயே சுற்றிப் போய், முதுகுத் தண்டைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும். மருந்து நேராக அங்கே போவதால் மிகக் குறைந்த அளவே போதும். வாய் வழியாக 300 மில்லிகிராம் மார்ஃபின் செய்யும் வேலையை அங்கே ஒரு மில்லிகிராம் செய்யும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் தோராயக் கணக்கு. பரவலாகப் பயன்படும் சிங்க்ரோமெட் பம்பில் 20 மில்லி, 40 மில்லி என இரண்டு அளவுகள் உண்டு. மருந்து தீரும் முன் நோயாளி க்ளினிக்குக்கு வர வேண்டும். தோலின் மேலிருந்து ஊசியை பம்பின் நடுவில் இறக்கி, மிச்சமிருக்கும் பழைய மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிய மருந்தை நிரப்புவார்கள். இதுதான் ரீஃபில்.

ரீஃபிலுக்கு வர மாட்டேன் என்று ஒருவர் சொல்வதன் பொருள் இப்போது புரியும். மார்ஃபின் வகை மருந்து சட்டென்று நின்றால் வலி திரும்புவதோடு, உடல் நடுங்கி, வியர்த்து, வாந்தி எடுத்துத் தவித்துப்போகும். தசை இறுக்கத்துக்காக பேக்லோஃபென் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. அது திடீரென நின்றால் கடுமையான காய்ச்சல், மனக்குழப்பம், தசை விறைப்பு என்று போய் உயிரே போகலாம். அந்த மருந்தின் விவரத் தாளிலேயே இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

என் பெரியம்மா கடைசி மாதங்களில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை சாப்பிட்டார். மாத்திரை தீர்ந்துபோன ஓர் இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

சரி, க்ளெய்மில் என்ன தவறு நடந்தது? அதற்கு முன் ரீஃபில் கோடுகள் எப்படிப் பிரிகின்றன என்று சொல்ல வேண்டும். புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான்.

பம்பின் மின்னணு அமைப்பை வெளியிலிருந்து படித்துப் பார்ப்பது மட்டும் நடந்தால் 62367. படித்து, டோஸையும் மாற்றினால் 62368. டோஸை மாற்றி மருந்தும் நிரப்பினால் 62369. இதே வேலைக்கு மருத்துவரின் அல்லது தகுதி பெற்ற நிபுணரின் திறமை தேவைப்பட்டு அவரே செய்தால் 62370. டோஸில் கை வைக்காமல் நிரப்ப மட்டும் செய்தால் 95990. அதையே மருத்துவரின் திறமை தேவைப்பட்டு அவர் செய்தால் 95991. பம்பைப் படித்துப் பார்ப்பது கடைசி இரண்டிலும் உள்ளடங்கியது. அதனால் 95990 போட்ட நாளில் 62367-ஐ சேர்த்துப் போட்டால் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து சிஓ 97 என்று திரும்பி வரும். அதாவது, இது ஏற்கெனவே இன்னொரு கோடுக்குள் அடங்கிவிட்டது.

க்ளினிக்கிலிருந்து வரும் டிக் அடித்த தாளை நம்பி இந்த ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த க்ளினிக்கின் தாளில் எல்லா ரீஃபிலுக்கும் 62370 என்றே அச்சாகியிருந்தது. உண்மையில் பாதி நாட்கள் நிரப்பியது நர்ஸ். மருத்துவர் அடுத்த அறையில் இருந்திருக்கிறார். இப்போது நான் மூன்று விஷயங்களைத் தேடாமல் கோடு எழுதுவதில்லை. ஊசியைப் பிடித்தது யார்? டோஸ் மாறியிருந்தால், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, ஏன்? மருத்துவரே செய்திருந்தால், அவருடைய திறமை தேவைப்பட்டதற்கு என்ன காரணம்? பம்ப் புரண்டிருந்தது, நோயாளியின் உடல் பருமனால் நடுப்புள்ளி கைக்குத் தட்டுப்படவில்லை என்பதுபோல ஒரு வரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மருத்துவருக்குக் கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன். நம் உற்பத்திக் கணக்கு அன்றைக்கு இரண்டு சார்ட் குறையும். குறைந்தால் குறையட்டும்.

பம்பிலிருந்து அச்சிடும் தாள் ஒன்று சார்ட்டோடு வரும். பலர் அதைத் திறப்பதே இல்லை. மருந்தின் பெயர், செறிவு, ஒரு நாள் டோஸ், பம்பில் இருக்க வேண்டிய மிச்சம், அடுத்த எச்சரிக்கை ஒலி எந்தத் தேதியில் அடிக்கும் என எல்லாம் அதில் இருக்கும். நர்ஸின் குறிப்பும் இந்தத் தாளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒருமுறை குறிப்பில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் என்றும், தாளில் 25 என்றும் இருந்தது. நான் கேள்வி அனுப்பினேன். குறிப்பில்தான் தட்டச்சுப் பிழை, பம்பில் சரியாகவே இருந்தது. அது பில்லிங் பிழையாக மட்டும் முடிந்ததில் எனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அடுத்தது யூனிட், அதாவது மருந்துக்குப் பணம் கேட்கும் அளவு. பதப்படுத்தும் பொருள் கலக்காத மார்ஃபினுக்கு மருந்துக் கோடு ஜே2274. ஒரு யூனிட் என்றால் 10 மில்லிகிராம். ஒரு மில்லியோ ஒரு குப்பியோ அல்ல. மில்லிக்கு 25 மில்லிகிராம் செறிவுள்ள 20 மில்லி குப்பி ஒன்றில் 500 மில்லிகிராம் இருக்கிறது. அது 50 யூனிட். 40 மில்லி பம்பை இரண்டு குப்பிகளால் நிரப்பினால் 100 யூனிட். எங்கள் குழுவுக்கு வந்த பழைய க்ளெய்ம்களில் இதை 2 என்று எழுதியிருந்தார்கள், குப்பிகளை எண்ணி. காப்பீட்டு நிறுவனம் அந்த 2 யூனிட்டுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டது. டினையல், அதாவது பணம் தர மறுப்பு, எதுவும் வராததால் யாரும் கவனிக்கவில்லை. டினையல் ஆனது எப்படியும் யார் கண்ணிலாவது படும். குறைவாகப் பணம் வந்த க்ளெய்ம் தேடிப் போனால்தான் கிடைக்கும். ஸிகோனோடைடுக்கு, அதாவது கடல் நத்தை ஒன்றின் நஞ்சை மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் செய்த வலி மருந்துக்கு, ஜே2278. அதில் ஒரு யூனிட் ஒரு மைக்ரோகிராம். பேக்லோஃபெனுக்கு ஜே0475, ஒரு யூனிட் 10 மில்லிகிராம். மூன்றும் ஒரே மாதிரி பம்புக்குள் போகும் மருந்துகள், ஆனால் அளவுகோல் ஒன்றல்ல. அதனால் யூனிட்டை நான் மனதில் போடுவதில்லை. செறிவு, மில்லி, மொத்த மில்லிகிராம், வகுத்து வந்த யூனிட் என்று நான்கு எண்களையும் காகிதத்தில் எழுதிவிட்டுத்தான் திரையில் அடிக்கிறேன்.

வீணான மருந்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மேலே சொன்ன குப்பியில் 18 மில்லியை மட்டும் பயன்படுத்தி 2 மில்லியைக் கொட்டினால், 45 யூனிட் ஒரு வரியிலும், ஜேடபிள்யூ மாடிஃபையரோடு (கோடின் பின்னால் சேர்க்கும் இரண்டெழுத்துக் குறி) 5 யூனிட் அடுத்த வரியிலும் போக வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குப்பியில் எதுவும் வீணாகவில்லை என்றால், அதையும் ஜேஇசட் போட்டு, முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிக்கேருக்குச் சொல்ல வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அது கட்டாயம். ஆனால் பம்பிலிருந்து உறிஞ்சி எடுத்த பழைய மிச்சத்தை இங்கே சேர்க்கக் கூடாது. அது போன முறையே நோயாளிக்குக் கொடுத்ததாக எழுதி, பணமும் வாங்கிய மருந்து. அதை வீணானதாக எழுதினால் ஒரே மருந்துக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகிவிடும். புதிதாக வந்த ஒரு தம்பி இப்படி எழுதியதை ஆடிட்டில் நான் பிடித்திருக்கிறேன். அவர் மேல் தப்பில்லை. குறிப்பில் "3 மில்லி அப்புறப்படுத்தப்பட்டது" என்றுதான் இருந்தது. எங்கிருந்து என்று அதில் இல்லை.

இனி அந்த 1,140 டாலர் கதை.

அந்த அம்மாவின் பம்பில் இருந்தது தனி மார்ஃபின் அல்ல. ஹைட்ரோமார்ஃபோனும் பியூபிவகெயினும் சேர்த்து மருந்தகம் ஒன்று கலந்து அனுப்பிய கலவை. மெடிக்கேர் சார்பில் அவருடைய க்ளெய்மைப் பரிசீலிக்கும் ஒப்பந்த நிறுவனம் இத்தகைய கலவைகளுக்கு ஜே7999 கேட்கும். எந்த மருந்து, என்ன செறிவு, எத்தனை மில்லி என்பதெல்லாம் இந்தக் கோடில் இல்லை. அவற்றை க்ளெய்மின் 19-ஆம் கட்டத்தில், மின்னணு முறையில் அனுப்பினால் குறிப்பு வரியில், நாம் எழுத வேண்டும். சில ஒப்பந்த நிறுவனங்கள் கேடி மாடிஃபையரும் கேட்கும், சில மருந்தகத்தின் விலைப்பட்டியலைக் கேட்கும். தனியார் காப்பீட்டில் சிலர் ஜே3490-ஐ ஏற்பார்கள், சிலர் என்டிசி எனும் 11 இலக்க மருந்து அடையாள எண் இல்லாமல் தொடவே மாட்டார்கள். ஒருவருக்குச் செல்லுபடியானது மற்றவருக்குச் செல்லாது. அதனால் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டுக் குறித்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நான் அந்த விவரத்தை எழுதியிருந்தேன். இரண்டு மருந்துகளின் பெயர், செறிவு, 40 மில்லி எல்லாமே என் திரையில் இருந்தன. ஆனால் நான் எழுதிய கட்டம் க்ளினிக்கின் உள் குறிப்புக்கானது, வெளியே போகும் க்ளெய்மோடு இணைக்கப்படாதது. திரையில் இருந்தது, அனுப்பிய கோப்பில் இல்லை. ஜே7999 என்ற கோடு மட்டும் எந்த விவரமும் இல்லாமல் மெடிக்கேருக்குப் போனது.

பிப்ரவரியில் பதில் வந்தது. ரீஃபில் செய்ததற்கான பணம் வந்துவிட்டது. மருந்துக்கு மட்டும் சிஓ 16, அதாவது க்ளெய்மில் விவரக் குறைவு அல்லது பிழை, அதோடு எம்ஏ130 என்ற குறிப்புக் கோடு. எம்ஏ130 சொல்வது தெளிவானது: விவரம் முழுமையாக இல்லாததால் இந்த க்ளெய்மைப் பரிசீலிக்க முடியாது, மேல்முறையீட்டு உரிமை இல்லை, புதிய க்ளெய்மாக அனுப்புங்கள். ஆனால் எங்கள் தரப்பில் ஒருவர் சிஓ 16-ஐ மட்டும் பார்த்து, மருத்துவக் குறிப்புகளை இணைத்து மேல்முறையீடு அனுப்பினார். அது தள்ளுபடியாகி வருவதற்குள் மாதங்கள் ஓடின. வந்ததும் இன்னொருவர் "மேல்முறையீடு தோல்வி" என்று எழுதிவிட்டு, ஆகஸ்டில் தொகையை நோயாளி கணக்குக்கு மாற்றினார். இரண்டு முறை அந்த அம்மா வீட்டுக்குத் தபாலில் பில் போனது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது கடைசிப் படிதான். சிஓ என்ற இரண்டு எழுத்துக்குப் பொருள், ஒப்பந்தப்படி இது சிகிச்சை தந்தவர்களின் பொறுப்பு, நோயாளியிடம் கேட்கக் கூடாது என்பது. பிஆர் என்று வந்தால்தான் நோயாளியின் பங்கு. அந்தப் பதில் தாளில் மருந்து வரிக்கு நேராக பிஆர் என்று எங்கேயும் இல்லை. நாங்கள் செய்த பிழைக்கு, ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் பணம் கேட்டிருக்கிறோம். அதைப் பார்த்து அவர் மருந்தையே விட முடிவு செய்திருக்கிறார்.

அன்று அக்கா செய்த முதல் வேலை, க்ளினிக் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி அந்தத் தொகையை நோயாளி கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னது. யார் தப்பு என்ற விசாரணை அப்புறம். அன்றிரவே க்ளினிக் நர்ஸ் அந்த அம்மாவை அழைத்து, கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்று சொன்னார். மெடிக்கேரில் சேவை நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் க்ளெய்ம் போய்ச் சேர வேண்டும். எங்களிடம் மூன்று மாதம் மிச்சம் இருந்தது. குறிப்பு வரியைச் சரியான கட்டத்தில் எழுதி, மருந்தக விலைப்பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டு, மருந்து வரியைப் புதிய க்ளெய்மாக அனுப்பினோம். பணம் வந்தது.

பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து அதே கட்டத்தில் நான் எழுதிய எல்லாவற்றையும் தேடினேன். 17 க்ளெய்ம்கள் அதேபோல விவரமின்றிப் போயிருந்தன. 13-ஐ மீட்டோம். மீதி நான்குக்கு ஓராண்டு கடந்துவிட்டது. அந்தப் பணத்தை க்ளினிக் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. நான்கு நோயாளிகளுக்கும் பில் போகவில்லை என்பதை நானே ஒவ்வொரு கணக்காகத் திறந்து உறுதி செய்தேன்.

அறுவை சிகிச்சைப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் எனக்கு அனுபவம் குறைவு. புதிதாகக் குழாயும் பம்பும் வைத்தால் 62350, 62362 இரண்டும் வரும். பேட்டரி தீர்ந்து பம்பை மட்டும் மாற்றினால் 62362 போதும். பழையதை எடுத்ததற்கு 62365-ஐத் தனியாகச் சேர்க்கக் கூடாது. அன்றே பம்பை ப்ரோகிராம் செய்வதும் 62362-க்குள் அடக்கம். இவற்றைவிட முக்கியமானது, அறுவைக்கு முன்பே தொடங்கும் ஆவண வேலை. மெடிக்கேரின் தேசிய விதி 280.14, தீராத கடும் வலிக்கு பம்ப் வைக்க சில நிபந்தனைகளைச் சொல்கிறது. எளிய சிகிச்சைகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும், நோயாளிக்குக் குறைந்தது மூன்று மாத ஆயுள் எதிர்பார்ப்பு இருக்க வேண்டும், தற்காலிகக் குழாய் வழியாக மருந்து கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சோதனையில் வலி எவ்வளவு குறைந்தது என்ற பதிவு இல்லாமல் வந்த சார்ட்டை நான் முன் அனுமதிக் குழுவுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்.

நோய்க் கோடில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஜி89.4 நாட்பட்ட வலி நோய்க்குறித் தொகுதிக்கு உரியது. மருத்துவர் அந்தப் பெயரிலேயே எழுதியிருந்தால்தான் போடலாம். வெறுமனே நாட்பட்ட வலி என்றால் ஜி89.29. புற்றுநோய் வலி என்றால் ஜி89.3. முதுகு அறுவைக்குப் பின்னும் தீராத வலி என்றால் எம்96.1-ஐயும் தேடிப் பாருங்கள். பழக்க தோஷத்தில் கீழ் முதுகு வலிக்கு எம்54.5 என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 அக்டோபர் 1 முதல் அந்தக் கோடு செல்லாது, மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்.

இன்னொன்று, இடக் குறியீடு. ரீஃபில் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் நடந்திருந்தால் மருந்தை வாங்கியது மருத்துவமனை. மருத்துவரின் க்ளெய்மில் மருந்து வரி இருக்கக் கூடாது. சில மருத்துவர்கள் வாரத்தில் இரண்டு நாள் சொந்த க்ளினிக், ஒரு நாள் மருத்துவமனை என்று இருப்பார்கள். குறிப்பின் மேல் பகுதி மூன்று நாளும் ஒரே மாதிரிதான் இருக்கும். இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மருந்துக்கே போக வேண்டும்.

அந்த அம்மாவின் பம்பில் எச்சரிக்கை ஒலி அடிக்க வேண்டிய தேதி நவம்பர் 21. அந்த மாதம் தினமும் காலையில் வந்ததும் அவருடைய கணக்கை முதலில் திறந்து பார்ப்பேன். 19-ஆம் தேதி காலையில் புதிய சார்ட் வந்திருந்தது. முந்தைய நாள் ரீஃபில். நிரப்பியவர் நர்ஸ். பம்பில் இருக்க வேண்டிய மிச்சம் 3.1 மில்லி, உறிஞ்சி எடுத்தது 3.0. டோஸில் மாற்றம் இல்லை. 95990 எழுதினேன், ஜே7999 எழுதினேன், மருந்துகளின் பெயரும் செறிவும் அளவும் எழுதினேன். பிறகு அனுப்பும் கோப்பையே திறந்து, அந்தக் குறிப்பு வரி உள்ளே இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.